முத்தம்மாவிடம் நோயைச் சொன்ன நாள்

நாற்றம் தாங்கவில்லை என்று புகார் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. நாய்க்குக் காது நாறுகிறது, ஆட்டுக்குக் குளம்பு நாறுகிறது, மாட்டுக்கு மடி நாறுகிறது. கால்நடை மருத்துவம் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கும் இதுதான் தினப்படி. ஆனால் நாற்றமே இல்லை என்று புகார் சொல்ல வந்தவர் என் சர்வீசில் ஒருவர்தான். கோவில்பட்டியில் நிலக்கடலை மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் முதலாளி, பெரியவர். கையில் கட்டைப் பை, பைக்குள் ஒரு சாம்பல் நிறப் பூனை. தலையை மட்டும் வெளியே நீட்டி, அரசாங்க ஆஸ்பத்திரியை மேலும் கீழுமாக அளந்துகொண்டிருந்தது.

“டாக்டரம்மா, இவ மூத்திரம் நாற மாட்டேங்கு” என்றார்.

வரிசையில் நின்ற ஆட்டுக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

“அதுக்குச் சந்தோசப்படாம என்னத்துக்கு அண்ணாச்சி இங்கன வாரீய?”

“இல்லம்மா, கேளுங்க. பூனை இருக்குத கிட்டங்கின்னா மூலைல அந்த வாடை இருக்கணும். இம்புட்டு வருசமா இருந்துச்சு. இப்பம் இல்ல. ஆனா மூலை என்னமோ எப்பவும் நனைஞ்சேதான் கெடக்கு.”

என் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. கடலை வியாபாரிக்கு மூக்குதான் மூலதனம். மூட்டையைக் குத்தி ஒரு கை அள்ளி முகர்ந்தே, ஈரம் பட்டிருக்கிறதா, பூசணம் பிடிக்கப்போகிறதா என்று சொல்லிவிடுவார்கள். அந்த மூக்கு ஒரு வாடையைக் காணோம் என்று சொன்னால் அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பூனையின் சிறுநீர் ஏன் அப்படி நாறுகிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டீர்கள். பூனையின் முன்னோர்கள் வறண்ட பூமிக்காரர்கள். தண்ணீரைக் கண்ணால் காண்பதே அபூர்வம். இரையின் உடம்பில் இருக்கிற ஈரத்தை வைத்தே காலம் தள்ளியவர்கள். அந்த ஈரத்தில் ஒரு சொட்டையும் வீணாக்காமல் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டாததை மட்டும் கெட்டியாக வெளியே தள்ளுகிறது சிறுநீரகம். அந்தக் கெட்டிதான் அந்த நாற்றம். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத நம் ஊர் வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்கும், பாத்திரம் அலசிய தண்ணீரை முருங்கைக்கும் ஊற்றுகிற பெண்களை எனக்குத் தெரியும். பூனையின் சிறுநீரகம் அந்தப் பெண்களின் கூட்டத்தைச் சேர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. சிறுநீரகத்தில் ஒரு பகுதி செத்தாலும் அது வாயைத் திறக்காது. மிச்சம் இருக்கும் பகுதி, போனதன் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். பெரும்பகுதி போன பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் எண்கள் ஏறும், பூனை மெலியும், சாப்பாட்டில் முகம் திருப்பும். அதற்கு முன்னால் வெளியே தெரிகிற சாடை என்று ஏதாவது இருந்தால், சிறுநீர் தண்ணீராகப் போவதுதான். உள்ளே பிழிந்தெடுக்கிற கை தளர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷம் அறுத்தும் தைத்தும் பார்த்த பிறகும், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவே இருக்கும் அந்த உறுப்பை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

பரிசோதனையில் நான் பயந்தது சரியாகவே இருந்தது. ஆனால் ஆரம்ப நிலை. அந்தப் பூனைக்கு முத்தம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். வயது பத்தைத் தாண்டியிருக்கும். இந்த வயதுப் பூனைக்கு இவ்வளவு சீக்கிரம் நோய் தெரிய வருவது லாட்டரி விழுவது மாதிரி. பெரியவரை உட்காரவைத்துச் சொன்னேன். “இது குணமாகுத சீக்கு இல்ல, அண்ணாச்சி. ஆனா இப்படியே நிறுத்தி வைக்கலாம். கவனமா இருந்தா இன்னும் பல வருசம் இவ ஒங்க மூட்டை மேல படுத்துக் கெடப்பா. கருவாடு ஆகாது. பால் வேண்டாம். இந்தச் சீக்குக்குன்னே ஒரு தீனி இருக்கு, மதுரைல இருந்து வரவழைச்சித் தாரேன். அதுல தண்ணி ஊத்திப் பெசஞ்சி வைங்க. எப்படியாச்சும் இவ உள்ள தண்ணி போகணும். ஒரு நாள் தண்ணி இல்லாமக் காஞ்சாலும் இருக்குதும் போயிரும்.”

நான் சொன்னதை எல்லாம் ஒப்பித்துக் காட்டினார். பூனையின் தலையைப் பைக்குள் அமுக்கிக்கொண்டு போனார். இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொள்கிற ஆள் கையில் பூனை பிழைத்துக்கொள்ளும் என்று நானும் அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

கோடை தொடங்கியபோது அதே பை திரும்ப வந்தது. இந்தத் தடவை பூனையின் தலை வெளியே தெரியவில்லை. உள்ளே துணி போலக் கிடந்தது. ரோமம் எல்லாம் குத்திட்டு நின்றது. தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் தூக்கியபடியே நின்றது. மேசையில் வைத்ததும் வாந்தி எடுத்தது. ரத்தப் பரிசோதனையில் எண்கள் பழையதைப்போல இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருந்தன. உங்களில் பலர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று எழுதி, மருந்தைக் கூட்டிவிடுவீர்கள். அப்படி எழுதுவதில் தப்பும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாந்தியில் ஒரு வாடை இருந்தது. அதைக் கண்டுபிடிக்கக் கடலை வியாபாரியின் மூக்கு வேண்டாம், தூத்துக்குடிப் பக்கம் பிறந்திருந்தால் போதும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்பது இந்தத் தாலுகா முழுக்கத் தெரியும். சலைன் ஏற்றி முடிக்கிற வரைக்கும் அடக்கிவைத்திருந்தேன். பிறகு பெரியவரைப் பிடித்துக்கொண்டேன்.

“கருவாடு குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“நான் குடுக்கலம்மா. சத்தியமா.”

“பெறகு இவ கடலுக்குப் போயி வாங்கியாந்தாளா?”

பெரியவர் தரையைப் பார்த்தார். “சின்னவன் குடுக்கான்” என்றார்.

“எந்தச் சின்னவன்?”

“என் தம்பி. கிட்டங்கி ரெண்டு பேருக்கும் பொதுவு.”

“அவர்ட்ட இவளுக்குச் சீக்குன்னு சொல்லலியா?”

“நாங்க பேசிக்கிட மாட்டோம்.”

அதன் பிறகு அவர் சொன்னதைக் கேட்டு நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. காரணத்தை நான் கேட்கவில்லை. ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஆனால் தொழிலைப் பிரிக்க இரண்டு பேருக்கும் மனசு இல்லை. பேசாமல் தொழில் நடக்குமா? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் முத்தம்மா. குட்டியாக எங்கிருந்தோ வந்து மூட்டைக்கு நடுவில் சேர்ந்த பூனை. அண்ணன் பூனையைப் பார்த்து, “ஏட்டி, ஒங்க சின்னய்யாட்ட சொல்லு, கழுகுமலை லோடு வந்துட்டுன்னு” என்பார். நாலடி தள்ளி நிற்கிற தம்பி அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அதே பூனையைப் பார்த்து, “ஏட்டி, ஒங்க பெரியய்யாட்ட கேளு, எத்தன மூட்டை எறக்கணும்னு” என்பார். பூனை நடுவில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். அது வெளியே போயிருந்தால், லாரிக்காரன் எவ்வளவு கத்தினாலும் அது திரும்பி வருகிற வரைக்கும் காரியம் நிற்கும். இப்படித்தான் விலை பேசினார்கள், ஆள் வைத்தார்கள், வீட்டு விசேஷத்துக்கு அழைப்புச் சொன்னார்கள்.

“சரி அண்ணாச்சி, எல்லாத்தையும்தான் முத்தம்மா வழியாச் சொல்லுதீங்களே, இதையும் சொல்ல வேண்டியதுதான?”

பெரியவர் மேசையில் கிடந்த பூனையை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“அவகிட்டயே எப்படிம்மா சொல்லுவேன், ஒனக்குச் சீக்குன்னு?”

சிரிக்க வேண்டிய பேச்சுதான். என்னால் சிரிக்க முடியவில்லை. கூட வந்திருந்த மாரியம்மாள், கிட்டங்கியில் பருப்புப் புடைக்கிற அம்மாள், என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“டாக்டரம்மா, இவ போயிட்டான்னா கிட்டங்கியும் ரெண்டாப் போயிரும். அதோட அவிய ரெண்டு பேரும் மூஞ்சியக்கூடப் பாத்துக்கிட மாட்டாவ. எப்படியாச்சும் இழுத்துப் பிடிங்க.”

சலைனில் முத்தம்மா கொஞ்சம் தெளிந்தாள். இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து போனதில் எழுந்து உட்கார்ந்தாள். உடம்பை நான் பார்த்துக்கொள்வேன். வைத்தியம் முடிந்து அவள் கிட்டங்கியோடு இருக்கப்போகும்போது என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. தம்பியை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொல்வது சுலபமாகத் தெரிந்தது. மாரியம்மாளிடம் சொல்லி அனுப்புவது அதைவிடச் சுலபம். இரண்டையும் நான் செய்யவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இது உங்கள் எந்தப் பாடத்திலும் வராது.

அண்ணனுக்கு மாசக்கணக்கில் தெரிந்த ஒன்று தம்பிக்கு மூன்றாம் மனுஷி வழியாகத் தெரிந்தால், அந்தப் பேச்சில் பூனை இருக்காது. ‘எனக்குத் தெரியாம வைத்தியம் பாத்துட்டான், நான் விஷம் வச்ச மாதிரி ஆக்கிட்டான்’ என்பதுதான் மிஞ்சும். பழைய சண்டையோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். பிறகு அண்ணன் வைக்கிற தட்டு ஒன்று, தம்பி வைக்கிற தட்டு ஒன்று என்று நடுவில் கிடந்து சாவது முத்தம்மாதான். இந்த நோய்க்கு ஒரு ஊசி போட்டால் தீர்ந்தது என்று கிடையாது. இனி அவள் உயிரோடு இருக்கும் நாள் எல்லாம் ஒவ்வொரு வேளைத் தீனியிலும் ஒவ்வொரு வாய்த் தண்ணீரிலும் இரண்டு பேர் கையும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படியானால் இரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில், ஒரே வார்த்தையாக விழ வேண்டும். யாரும் யாருக்கும் சொன்னதாக இருக்கக் கூடாது. அவர்கள் கிட்டங்கியில் அதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருந்தது.

அவள் தேறியதும் ஒரு நாள் முற்பகலில் பெரியவரோடு கிட்டங்கிக்குப் போனேன். பையை நானே சுமந்தேன். எட்டயபுரம் ரோட்டுப் பக்கம், வெயிலில் தகரக் கூரை முனகிக்கொண்டிருந்தது. உள்ளே கூரை முட்ட மூட்டைகள், பச்சைக் கடலை மணம். ஒரு சுவரோரம் அண்ணனின் மேசை, எதிர்ச் சுவரோரம் தம்பியின் மேசை. நடுவில் எடை போடுகிற இரும்பு மேடை. அதுதான் முத்தம்மாவின் இடம். அண்ணன் மேசைக்குக் கீழே, நான் சொன்ன மருத்துவத் தீனி தண்ணீரில் ஊறிக் கிடந்தது. தம்பி மேசைக்குக் கீழே ஒரு எவர்சில்வர் தட்டில் பொரித்த நெத்திலிக் கருவாடு. எதிரே இருக்கிற அடுத்தவர் தட்டைப் பார்த்ததே இல்லை என்கிற பாவனையில் இரண்டு பேரும் இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள்.

தம்பி குள்ளமாக, கட்டையாக, நரைத்த மீசையோடு இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அண்ணன் மேசைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பூனையைப் பார்த்ததும் முகம் மாறிப்போயிற்று.

“மெலிஞ்சி போயிட்டாளேன்னுதான், டாக்டரம்மா, நல்லது பொல்லது குடுத்துத் தேத்தப் பாத்தேன். சரியாத் திங்க மாட்டேங்கா.”

முத்தம்மாவை எடுத்து எடை மேடையில் வைத்தேன். முன்னால் கடலை மூட்டை ஒன்றில் உட்கார்ந்தேன். நாம் எல்லோரும் மாட்டிடமும் நாயிடமும் ஏதாவது பேசிக்கொண்டேதான் வைத்தியம் பார்க்கிறோம். ‘நில்லு, ஆட்டாத, ஆச்சு’ என்போம். நோயை மட்டும் ஒருபோதும் நோயாளியிடம் சொல்வதில்லை. மனுஷ டாக்டர்களைக் காட்டிலும் நமக்கு வாய்த்த ஒரே சௌகரியம் அதுதான். அன்றைக்கு அந்தச் சௌகரியத்தை விட்டுக்கொடுத்தேன்.

“ஏட்டி முத்தம்மா, நல்லாக் கேட்டுக்கோ. ஒனக்குச் சிறுநீரகம் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கு. யாரும் ஒண்ணும் செஞ்சி வந்தது இல்ல, வயசானா ஒங்க கூட்டத்துக்கு வாரதுதான். போனது திரும்பி வராது. ஆனா மிச்சம் இருக்கு. அந்த மிச்சத்த வச்சி நீ வருசக்கணக்குல இருக்கலாம். அதுக்குத்தான் ஒங்க பெரியய்யா அந்தத் தீனிய வைக்காரு. அவருக்கு ஒன்கிட்ட சொல்ல மனசு வரல. ஒங்க சின்னய்யா நீ எளைச்சிட்டேன்னு ஆசைல கருவாடு வைக்காரு. அவருக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஒன்ன வாழ வைக்கத்தான் பாக்காவ. இனிமே கருவாடு கண்ணுல படக்கூடாது. தண்ணி குடிக்கணும். குடிக்காட்டி நீ இருக்க மாட்ட.”

முத்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் விளங்கியிருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், ஒரு உயிருக்கு அதன் சங்கதியை அதன் கண்ணைப் பார்த்துச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. மாரியம்மாள்கூடப் புடைப்பதை விட்டுவிட்டு முறத்தோடு நின்றுவிட்டாள்.

தம்பி பேசினார், பூனையிடம்தான்.

“ஏட்டி... ஒங்க பெரியய்யாட்ட கேளு, எப்பம் தெரிஞ்சதுன்னு.”

“பொங்கலுக்கு முன்னாலயே தெரியும்னு சொல்லு” என்றார் அண்ணன், தன் மேசையைப் பார்த்தபடி. “ஒன்கிட்ட சொல்ல நாக்கு வரலன்னு சொல்லு.”

சண்டை இப்போது வெடிக்கும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தம்பி குனிந்து தன் மேசைக்குக் கீழே இருந்த தட்டை எடுத்தார். அலமாரியில் வைத்திருந்த கருவாட்டு டப்பாவையும் எடுத்தார். இரண்டையும் மாரியம்மாள் கையில் கொடுத்து, “வீட்டுக்குக் கொண்டு போயிரு. இனிமே இங்கன வரக் கூடாது” என்றார். பிறகு சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்ன வெக்கைடா இது” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கிட்டங்கியில் நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். தீனி விஷயம் ஒழுங்குக்கு வந்துவிட்டது, ஆனால் தண்ணீர் வரவில்லை. கிண்ணத்தில் வைத்தால் முத்தம்மா மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள். உப்புத் தண்ணீரை மாற்றிக் குடிதண்ணீர் வைத்தார்கள், தட்டை மாற்றினார்கள், இடத்தை மாற்றினார்கள். ஒரு நாள் மத்தியானம் தம்பி பார்த்துவிட்டார். வேலையாட்கள் குடிக்க வாசலில் வைத்திருந்த மண்பானையின் வெளிப்பக்கம் வேர்க்குமே, அந்த வேர்வையை அவள் நக்கிக்கொண்டிருந்தாள். கீழே இருந்து மேலே, மேலே இருந்து கீழே, ஒரு இடம் விடாமல். நான் போனபோது எனக்கும் காட்டினார். அந்தப் பூனையின் வறண்ட பூமி முன்னோர்களில் ஏதோ ஒன்று பாறையில் கசிந்த ஈரத்தை இப்படித்தான் நக்கியிருக்கும் என்று தோன்றியது.

“ஏட்டி, ஒங்க பெரியய்யாட்ட சொல்லு, பானை வேர்வைய நக்குதேன்னு” என்று தம்பி சொன்னார். மறுநாளே அண்ணன் ஒரு தட்டு வண்டியில் புதுப் பானைகளாக வாங்கி இறக்கினார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று கடலைக்காரர்களுக்குத்தான் தெரியும். கடலைக்கு ஈரம்தான் எமன். நனைந்த குடையோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துகிற கிட்டங்கி அது. அங்கே உள்ளேயே, வேர்த்து வடிகிற மண்பானைகளை வைத்தார்கள். அவற்றுக்காக முன்பக்கம் முழுக்க மூட்டைகளை அகற்றினார்கள். கொள்முதல் குறைந்தால் குறையட்டும் என்று இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். பானைக்கு அடியில் மணல், சுற்றிலும் பலகை. காலையில் ஒருவர் நிரப்புவார், சாயங்காலம் இன்னொருவர். யார் எதை நிரப்புவது என்பதெல்லாம் முத்தம்மா வழியாகத்தான் முடிவாயிற்று. அடுத்த பரிசோதனையில் எண்கள் இறங்கியிருந்தன. அதற்கடுத்ததில் அப்படியே நின்றன. செத்துப்போன பாகம் செத்ததுதான். மிச்சம் இருந்தது, கொஞ்சம் தண்ணீர் கிடைத்ததும், எதுவும் நடக்காத மாதிரி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாம் மேசையில் பார்க்கிற பூனை, பூனையில் பாதிதான். அது யார் யார் கையில் சாப்பிடுகிறது, அந்தக் கைகளுக்குள் என்ன நடக்கிறது என்பது மற்றப் பாதி. அந்தப் பாதியை எந்த லேபும் உங்களுக்கு எழுதித் தராது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால்தான் உண்டு.

நான் ஓய்வு பெற்ற பிறகும் முத்தம்மாவைப் பார்க்கிற வேலையை மட்டும் விடவில்லை. போன கோடையில் ஒரு நாள் போனபோது அண்ணனின் மேசை காலியாக இருந்தது. நெஞ்சுவலி என்று மதுரைக்குக் கொண்டுபோய் அடைப்பை நீக்கியிருக்கிறார்கள் என்று மாரியம்மாள் சொன்னாள். தம்பி பார்க்கப் போனாரா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள். தம்பி எடை மேடை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் நாலு நாள் தாடி. மேடையில் முத்தம்மா, இளைத்துத்தான் இருந்தாள், ஆனால் கண் தெளிவாக இருந்தது. நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும்போது தம்பியின் போன் அடித்தது. அவர் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, முத்தம்மாவின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். மதுரை ஆஸ்பத்திரிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து அண்ணனின் குரல், தேய்ந்துபோய் வந்தது.

“ஏட்டி முத்தம்மா, தண்ணி குடிச்சியா?”

“குடிச்சேன்னு சொல்லு” என்றார் தம்பி, பூனையிடம். “காலையிலயே ரெண்டு பானைய நக்கிட்டேன்னு சொல்லு.”

“தீனி?”

“கொஞ்சம் மிச்சம் வச்சிட்டேன்னு சொல்லு. டாக்டரம்மா இந்தா வந்துட்டாவ, பாக்கப்போறாவன்னு சொல்லு. ஏட்டி, ஒங்க பெரியய்யாட்ட கேளு, வலி எப்படி இருக்குன்னு.”

“இப்பம் இல்லன்னு சொல்லு.”

“எப்பம் வீட்டுக்கு விடுதாவளாம்னு கேளு.”

“நாளான்னைக்கு விட்டுருவாவளாம்னு சொல்லு.”

முத்தம்மா வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். முதுகை வளைத்து எழுந்தாள். மேடையிலிருந்து மெல்ல இறங்கி, பலகையைத் தாண்டி, பானைகளுக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டாள். போன் மட்டும் இரும்பு மேடையில் கிடந்தது. தம்பி அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பொத்தான் பக்கம் ஒரு தடவை விரல் போயிற்று, தொடாமல் திரும்பிவிட்டது. அந்தப் பக்கமும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி ஒன்று உருண்டு போகிற சத்தம் கேட்டது.

“அவ போயிட்டாளா?” என்றது போன்.

தம்பி என்னைப் பார்த்தார். பானைகளைப் பார்த்தார்.

“போயிட்டா.”

“நீ சாப்ட்டியால?” என்றார் அண்ணன்.

“இன்னும் இல்லண்ணே” என்றார் தம்பி.